ஊரே நடித்த நாவல்கள்: டார்செஸ்டரின் ஹார்டி நடிகர் குழு

ஆங்கில நாடகத்தின் வரலாறு பெரும்பாலும் லண்டன் நாடகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. புகழ்பெற்ற அரங்குகள், அவற்றை ஆண்ட நட்சத்திர நடிகர்கள், தலைநகரப் பத்திரிகைகளின் விமர்சனங்கள் ஆகியவற்றைக் கொண்டு அந்த வரலாறு கட்டப்பட்டது. அதே காலத்தில் நாடெங்கும் சிறு நகரங்களில், பகலெல்லாம் கடையையும் அலுவலகத்தையும் கவனித்துவிட்டு இரவில் ஒத்திகைக்குக் கூடிய அமெச்சூர் நடிகர்கள் ஏராளம். 1899-இல் அமெச்சூர் இசை நாடகக் குழுக்களுக்கென்று ஒரு தேசியச் சங்கம் தோன்றியது. 1919-இல் ஜெஃப்ரி விட்வொர்த் பிரிட்டிஷ் டிராமா லீக்கைத் தொடங்கினார். சொந்த அரங்கு வைத்திருந்த அமெச்சூர் குழுக்கள் 1946-இல் லிட்டில் தியேட்டர் கில்டு என்ற கூட்டமைப்பாக ஒன்றுசேர்ந்தன. இத்தனை பேர் இத்தனை காலம் உழைத்த ஓர் இயக்கத்தை ‘பொழுதுபோக்கு’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

அந்தச் சொல் எவ்வளவு குறுகியது என்பதை உணர்த்தும் ஒரு குழு, இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்செட் மாவட்டத்தின் தலைநகரான டார்செஸ்டரில் இருந்தது. 1908 முதல் 1924 வரை அந்தக் குழு தாமஸ் ஹார்டியின் நாவல்களையும் கதைகளையும் ஹார்டியின் கண்ணெதிரிலேயே மேடையேற்றியது. பிற்காலத்தில் அதன் பெயரே ‘ஹார்டி பிளேயர்ஸ்’ என்றாகிவிட்டது. எந்த ஊரின் பேச்சையும் பாட்டையும் பழக்கத்தையும் கொண்டு ஓர் எழுத்தாளர் தன் புனைவுலகைக் கட்டினாரோ, அந்த ஊரே அவர் வாழ்நாளில் அந்தப் புனைவை வாங்கி நடித்துக் காட்டியது. இலக்கிய வரலாற்றில் இது அரிது. அந்தக் குழுவின் வலிமை எங்கிருந்து வந்தது, அதன் எல்லை எங்கே இருந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான் என்பது என் வாதம்: அது தன் ஊரிலேயே வேரூன்றி நின்றது.

நகரமும் நாவலும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டார்செஸ்டரின் மக்கள்தொகை சுமார் பத்தாயிரம். சுற்றுவட்டாரக் கிராமங்களின் தானியமும் கால்நடையும் விலைபோகும் சந்தை ஊர் அது. ரயில் பாதை 1847-இலேயே வந்துவிட்டது.

நாடகத்துக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. ஊர் ஊராகப் போய் நடித்து வயிறு வளர்த்துக்கொண்டிருந்த எட்மண்ட் கீனை, லண்டன் ட்ரூரி லேன் அரங்கின் நிர்வாகி 1813 நவம்பரில் இங்கேதான் பார்த்தார். இரண்டு மாதம் கழித்து, 1814 ஜனவரியில், ஷைலாக் வேடத்தில் லண்டனை அதிரவைத்தார் கீன். அந்த வெற்றிக்கு முன்பே அவருடைய சிறு மகன் டார்செஸ்டரில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டிருந்தான். கீன் தொடர்பான ஊர் நினைவுகளில் ஹார்டிக்குத் தனி ஆர்வம் இருந்தது. ஆனால் நம் குழு பிறந்த காலத்தில் அந்தப் பழைய அரங்கு வழக்கொழிந்துவிட்டது. நாடகம் போட வேண்டுமென்றால் தானிய வணிகத்துக்காகக் கட்டப்பட்ட ‘கார்ன் எக்ஸ்சேஞ்ச்’ மண்டபம்தான் இருந்தது.

ஹார்டி 1840-இல் ஹையர் பாக்ஹாம்ப்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். டார்செஸ்டரிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் தொலைவு. தந்தை கொத்தனார் தொழிலில் இருந்தவர். பதினாறாம் வயதில் ஹார்டி டார்செஸ்டரில் ஜான் ஹிக்ஸ் என்ற கட்டடக் கலைஞரிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். அலுவலகத்துக்கு அடுத்த வீட்டில் பள்ளி நடத்தியவர் வில்லியம் பார்ன்ஸ்; டார்செட் வட்டார வழக்கிலேயே கவிதை எழுதிய பேராசான். 1885-இல் நகரின் விளிம்பில் தானே வரைந்து கட்டிய மாக்ஸ் கேட் வீட்டில் குடியேறிய ஹார்டி, 1928-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். தன் நாவல்களில் இந்த நிலப்பரப்புக்கு ‘வெஸ்ஸெக்ஸ்’ என்று பெயர் வைத்தார். டார்செஸ்டர் அதில் ‘காஸ்டர்பிரிட்ஜ்’ ஆயிற்று, வெய்மத் ‘பட்மத்’ ஆயிற்று. வாசகர்கள் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்களைத் தேடி வரத் தொடங்கினார்கள்.

தொழில்முறை அரங்கோடு ஹார்டிக்கு இருந்த உறவு கசப்பானது. ‘ஃபார் ஃப்ரம் தி மேடிங் கிரவுட்’ நாவலின் நாடக வடிவம் லண்டனில் ஓர் அரங்கின் கைக்குப் போய்த் திரும்பியது. பிறகு 1881-இன் இறுதியில் அதே அரங்கில் அதே சாயலில் நாடகாசிரியர் பினரோவின் நாடகம் ஒன்று வந்தது. பத்திரிகைகளில் பெரும் சர்ச்சை. 1894-95 காலத்தில் ‘டெஸ்’ நாவலை ஹார்டி தானே நாடகமாக்கினார். புகழ்பெற்ற நடிகைகள் விருப்பம் காட்டியும் லண்டன் மேடையில் அது ஏறவில்லை. 1897-இல் நியூயார்க்கில் மின்னி மாடர்ன் ஃபிஸ்க் நடித்து வெற்றி பெற்ற ‘டெஸ்’, லாரிமர் ஸ்டாடார்ட் எழுதிய வேறு வடிவம். ஹார்டியின் கைப்பிரதி முப்பது ஆண்டுகள் வீட்டிலேயே கிடந்தது. அதற்கு மேடை கொடுத்தவர்கள் உள்ளூர்க்காரர்கள்.

மருந்துக்கடைக்காரரும் கல்வேலைக்காரரும்

டார்செஸ்டரில் விவாதமும் இலக்கியமும் நாடகமும் நடத்திவந்த சங்கம் ஒன்று இருந்தது. அதன் நாடகப் பிரிவை வழிநடத்தியவர் ஏ. எச். எவான்ஸ், தொழிலால் மருந்துக்கடைக்காரர். ஹார்டியின் இசைவோடு அவர் ‘தி ட்ரம்பெட் மேஜர்’ நாவலை நாடகமாக்கி 1908 நவம்பரில் கார்ன் எக்ஸ்சேஞ்சில் அரங்கேற்றினார்.

தொடக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான நாவல் கிடைத்திருக்காது. நெப்போலியன் படையெடுத்து வந்துவிடுவான் என்று இங்கிலாந்தின் தென்கரை நடுங்கிக்கொண்டிருந்த நாட்களின் கதை அது. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் வெய்மத் கடற்கரைக்கு வந்து தங்கியதும், கரையோரத்தில் படைகள் முகாமிட்டதும், ஊர்க்காவல் படையில் உழவர்கள் சேர்ந்ததும் அதில் வருகின்றன. அந்தக் காலத்தைக் கண்ட முதியவர்களிடம் கேட்டறிந்தும் ஹார்டி அதை எழுதினார். 1908-இன் பார்வையாளர்களில் பலருக்கு அது பாட்டன் பாட்டி சொன்ன கதை. நாவலிலிருந்து மேடைக்கு வருவதற்கு முன்பே அது அந்த மண்டபத்தில் இருந்தவர்களின் வீட்டுக் கதையாக இருந்தது.

லண்டன் பத்திரிகைகள் இதைச் செய்தியாக்கின. தலைநகர விமர்சகர்கள் ரயிலேறி வந்து, தானிய மண்டபத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதினார்கள். எந்த அமெச்சூர் குழுவுக்கும் எளிதில் கிடைக்காத கவனம் அது. ஹார்டியின் பெயர்தான் அவர்களை இழுத்து வந்தது. ஆனால் வந்தவர்கள் பாராட்டியது பெரும்பாலும் வேறொன்றை: கிராமத்தார் வேடமிட்டவர்களின் இயல்பை. காதலர்களாகவும் கனவான்களாகவும் நடித்தவர்களிடம் பயிற்சிக் குறை தெரிந்தது. கிழவர்களும் வேலையாட்களும் பேசத் தொடங்கியபோது மேடை உயிர்பெற்றது.

அதன்பின் ஏறக்குறைய ஆண்டுதோறும் நவம்பரில் ஒரு நாடகம். 1909-இல் ‘ஃபார் ஃப்ரம் தி மேடிங் கிரவுட்’, 1910-இல் ‘அண்டர் தி கிரீன்வுட் ட்ரீ’ நாவலின் நாடக வடிவமான ‘தி மெல்ஸ்டாக் குவையர்’, 1911-இல் ‘தி த்ரீ வேஃபேரர்ஸ்’, ‘தி டிஸ்ட்ராக்டட் ப்ரீச்சர்’ என்ற இரண்டு சிறு நாடகங்கள், 1913-இல் ‘தி உட்லாண்டர்ஸ்’. லண்டனில் குடியேறிய டார்செட் மக்கள் 1904-இல் அமைத்துக்கொண்ட சங்கம் ஒன்று இருந்தது. ஹார்டியும் அதன் தலைவராக இருந்தவர். அந்தச் சங்கத்தின் அழைப்பில் குழு லண்டனுக்கும் போய் நடித்தது. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவர்கள், ஊர்ப் பேச்சைக் காதால் கேட்பதற்காகவே அரங்கை நிறைத்தார்கள்.

எவான்ஸ் லண்டனுக்குக் குடிபெயர்ந்தபின் பொறுப்பு டி. எச். டில்லியிடம் வந்தது. அவர் கல்வேலைத் தொழிலில் இருந்தவர். நகரின் மேயராகவும் பணியாற்றியவர். நடிகர்களில் மருத்துவர் ஸ்மெர்டன் போன்றவர்களும் இருந்தார்கள், கடைக்காரர்களும் எழுத்தர்களும் இருந்தார்கள். எவான்ஸின் மகன் மாரிஸ் இந்தச் சூழலில் வளர்ந்து, பின்னாளில் அமெரிக்க மேடையில் பேர்பெற்ற ஷேக்ஸ்பியர் நடிகரானார். 1968-இல் வெளிவந்த ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ படத்தில் டாக்டர் ஸேயஸாக நடித்தவர் அவரே.

காது அறிந்த மொழி

குழுவின் வலிமை முதலில் அதன் நாக்கில் இருந்தது. 1870-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு பள்ளிகள் பரவின. அவற்றோடு பொது ஆங்கிலமும் பரவியது. டார்செட் வட்டார வழக்கு வயல்களுக்கும் முதியவர்களின் வாய்க்கும் ஒதுங்கிக்கொண்டிருந்தது. நகரத்துக் கடைக்காரரின் மகன் பள்ளியில் ஒரு மொழி பேசினான், பாட்டியிடம் இன்னொன்றைக் கேட்டான். இந்த நடிகர்கள் பெரும்பாலும் அந்த இடைத் தலைமுறையினர். வட்டார வழக்கில் அன்றாடம் பேசாவிட்டாலும் அதன் ஏற்ற இறக்கம் அவர்களின் காதில் இருந்தது. லண்டன் நடிகர் இதே வசனத்தைப் பேசும்போது, எல்லா நாட்டுப்புறத்தாருக்கும் பொதுவாக மேடையில் வழங்கிவந்த ஒரு செயற்கைக் கொச்சையில்தான் பேசுவார். டார்செஸ்டர் நடிகர் ஒரு குறிப்பிட்ட பள்ளத்தாக்கின் பேச்சைப் பேசினார்.

இசையிலும் நடனத்திலும் இதே நிலைதான். ‘அண்டர் தி கிரீன்வுட் ட்ரீ’ ஒரு கிராமத் தேவாலயத்தின் இசைக்குழுவைப் பற்றியது. வயலினும் செல்லோவும் கொண்டு தலைமுறை தலைமுறையாக வழிபாட்டுக்கு வாசித்துவந்த கிராமத்தாரை, புதிதாக வந்த ஆர்கன் இடம்பெயர்க்கிறது. ஹார்டியின் பாட்டனும் தந்தையும் தந்தையின் சகோதரரும் ஸ்டின்ஸ்ஃபோர்ட் தேவாலயத்தில் வாசித்த அத்தகைய குழுவின் தூண்கள். நாவலின் ‘மெல்ஸ்டாக்’ அந்த ஸ்டின்ஸ்ஃபோர்ட்தான். சிறுவன் ஹார்டியும் தந்தையோடு திருமண விருந்துகளில் வயலின் வாசித்திருக்கிறார். குடும்பத்தின் பழைய இசை ஏடுகள் அவரிடம் பத்திரமாக இருந்தன. 1910-இல் நாடகம் தயாரானபோது பழைய மெட்டுகளையும் நடன முறைகளையும் பற்றிக் குழுவுக்குச் சொல்ல அவரைத் தவிரத் தகுதியானவர் இல்லை.

அந்த ஆண்டு நவம்பர் 16 அன்று டார்செஸ்டர் நகரமன்றம் ஹார்டிக்கு நகரின் கௌரவ உரிமையை வழங்கியது. அரசர் வழங்கும் மிக உயர்ந்த சிறப்புகளில் ஒன்றான ‘ஆர்டர் ஆஃப் மெரிட்’ அதே ஆண்டில்தான் அவருக்குக் கிடைத்திருந்தது. நகர உரிமை பெற்ற அன்று மாலை கார்ன் எக்ஸ்சேஞ்சில் ‘தி மெல்ஸ்டாக் குவையர்’. கொத்தனாரின் மகனுக்கு ஊர் செய்த மரியாதையும், அவர் முன்னோர் வாசித்த இசைக்கு ஊர் கொடுத்த மறுவாழ்வும் ஒரே நாளில் நிகழ்ந்தன. நகரமன்றத்தின் உரைகளை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அந்த நாடகம் ஆய்வாளர்களின் பேச்சில் இன்றும் இருக்கிறது.

ஊரின் வாழ்வும் எழுத்தாளரின் வாழ்வும் எவ்வளவு நெருங்கிப் பின்னியிருந்தன என்பதற்கு 1912 சாட்சி. ‘தி ட்ரம்பெட் மேஜர்’ மறுபடி அரங்கேற இருந்த நவம்பர் 27 அன்று காலையில், ஹார்டியின் மனைவி எம்மா இறந்துபோனார். வெளியூர்களிலிருந்து பார்வையாளர்கள் வந்துவிட்டிருந்தார்கள். இறப்பை அறிவித்துவிட்டு, அன்று மாலை நாடகத்தை நடத்தினார்கள்.

கூத்தர்கள் திரும்பி வந்த கிறிஸ்துமஸ்

குழுவின் வரலாற்றில் சிந்தனைக்கு மிகுதியாக இடம் தருவது 1920-இன் ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி நேட்டிவ்’ என்று நினைக்கிறேன். டில்லி நாடகமாக்கிய முதல் ஹார்டி நாவல் அது.

அந்த நாவலில் ‘மம்மர்கள்’ எனப்படும் கிராமக் கூத்தர்கள் வருகிறார்கள். கிறிஸ்துமஸ் காலத்தில் வீடு வீடாகப் போய் புனித ஜார்ஜின் கதையை நடிப்பது அவர்கள் வழக்கம். வீரன் போரிடுவான், ஒருவன் சாய்வான், மருத்துவன் வந்து எழுப்புவான். கதாநாயகி யூஸ்டேசியா, தான் காண விரும்பும் ஆணின் வீட்டுக்குள் நுழைவதற்காக, ஒரு பையனுக்குப் பதிலாகத் துருக்கி வீரன் வேடத்தை அணிந்துகொள்கிறாள். இந்த இடத்தில் ஹார்டி ஒரு நுட்பமான வேறுபாட்டைச் சொல்கிறார். உண்மையாகவே தொடர்ந்து வரும் மரபை நடிப்பவர்கள் உற்சாகமில்லாமல், செய்தாக வேண்டுமே என்ற கடமையாகச் செய்வார்கள். ஆர்வமும் துடிப்பும் தெரிந்தால் அது புதுப்பிக்கப்பட்ட மரபு என்று கண்டுகொள்ளலாம். நாட்டுப்புறக் கலை ஆய்வு பிற்காலத்தில் நெடுநாள் விவாதித்த ஒரு பிரச்சினையை 1878-லேயே ஒரு நாவலாசிரியர் தொட்டுவிட்டார்.

1920-இல் டார்செஸ்டர் மேடையில் நடந்தது, இந்த அளவுகோலின்படி, புதுப்பித்தல்தான். கூத்தின் வசனத்தை ஹார்டி குழுவுக்குத் தந்தார். யூஸ்டேசியாவாக நடித்த கெர்ட்ரூட் பியூக்லர், நாடகத்துக்குள் நாடகமாகத் துருக்கி வீரனாகவும் வாளெடுத்தார். பிறகு அந்தக் கிறிஸ்துமஸ் அன்று கூத்தர்கள் மாக்ஸ் கேட் வீட்டுக்கே வந்து, எண்பது வயது ஹார்டியின் முன் புனித ஜார்ஜ் கூத்தை ஆடினார்கள். தான் சிறுவனாக இருந்தபோது கண்டதைப் போலவே அது இருந்தது என்பது அவருடைய பதிவு.

பழைய வழக்கம் கூத்தர்களின் உடம்பிலிருந்து எழுத்தாளரின் நினைவுக்கும், அங்கிருந்து நாவலுக்கும் போனது. நாவலிலிருந்து மேடைக்கு வந்து, மேடையிலிருந்து மறுபடி ஒரு வீட்டுக் கூடத்துக்குக் கிறிஸ்துமஸ் வழக்கமாகவே திரும்பியது. இந்தச் சுற்று முழுமையாக நிகழ்ந்ததற்குக் காரணம் அந்தக் குழு அந்த ஊரில் இருந்ததுதான். லண்டன் அரங்கம் எவ்வளவு திறமையோடு இந்தக் காட்சியை அமைத்திருந்தாலும், ஆட்டம் முடிந்தபின் அது போய்ச் சேர்வதற்கு அங்கே வீடு இல்லை. புதுப்பித்த மரபு போலியானது என்று சொல்பவர்களுக்கு டார்செஸ்டர் தரும் பதில் இது: கண்ட சாட்சி உயிரோடு இருக்கும்போது, அவர் திருத்தத் திருத்த ஒரு தலைமுறை கற்றுக்கொள்வதும் மரபு கைமாறும் வழிகளில் ஒன்று.

எழுத்தாளரின் கை

இத்தனைக்கும் இன்னொரு பக்கம் உண்டு. குழு ஹார்டியைச் சார்ந்திருந்தது. எந்த நாவலை எடுப்பது, எந்தக் காட்சியை விடுவது, எந்த வேடம் யாருக்கு என்பதில் அவருடைய விருப்பம் எடை பெற்றது. நாடகமாக்கியவர்கள் எவான்ஸும் டில்லியும் என்றே விளம்பரங்கள் கூறின. ஆனால் பிரதிகளை ஹார்டி படித்தார், திருத்தம் சொன்னார், ஒத்திகைக்கும் வந்தார். போர் நடந்த 1916-இல் ‘தி டைனஸ்ட்ஸ்’ என்ற தன் பெருங்காப்பிய நாடகத்திலிருந்து வெஸ்ஸெக்ஸ் தொடர்பான காட்சிகளை அவரே தேர்ந்து இணைத்துத் தந்தார். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நிதி திரட்ட அது வெய்மத்திலும் டார்செஸ்டரிலும் நடந்தது.

இந்த உறவின் கனி 1923 நவம்பரில் அரங்கேறிய ‘தி குவீன் ஆஃப் கார்ன்வால்’. ட்ரிஸ்ட்ரம், இசோல்ட் காதலின் சோகக் கதை. களம் டின்டஜல் கோட்டை. எம்மாவை ஹார்டி 1870-இல் முதன்முதலாகக் கண்டது அந்தக் கார்ன்வால் கரைப்பகுதியில்தான். 1916-இல் தொடங்கிய எழுத்து ஏழு ஆண்டு கழித்து முடிந்தது. கூத்தர்களுக்கான நாடகம் என்றே தலைப்புப் பக்கத்தில் குறிப்பிட்டு, காட்சி மாற்றங்களோ ஆடம்பரமான அரங்க அமைப்போ தேவைப்படாதபடி எழுதினார். கோரஸ் போலப் பாடிச் சொல்பவர்கள் இருபுறமும் நிற்கிறார்கள். கதை நடக்கும் நேரமும் மேடை நேரமும் ஏறக்குறைய ஒன்றே. எண்பத்து மூன்று வயதில், உலகப் புகழின் உச்சியில் இருந்தவர், ஒரு புதிய நாடகத்தை அரங்கேற்ற உள்ளூர் அமெச்சூர் குழுவைத் தேர்ந்தெடுத்தார். அந்தக் குழுவால் என்ன முடியும், என்ன முடியாது என்பதே நாடகத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இசையமைப்பாளர் ரட்லண்ட் பௌட்டன் இதை இசை நாடகமாக்கி கிளாஸ்டன்பரியில் அரங்கேற்றினார். அதுவும் ஒரு சிறு நகரம்தான். 1914 முதல் உள்ளூர் மக்களையும் தொழில்முறைப் பாடகர்களையும் கலந்து, நகர மண்டபத்தில், பெரும்பாலும் பியானோவின் துணையோடு அவர் விழா நடத்திவந்தார். அங்கே பிறந்த ‘தி இம்மார்ட்டல் அவர்’ 1922-இல் லண்டனில் 216 முறை தொடர்ந்து நடந்தது. ஹார்டி கிளாஸ்டன்பரிக்கே போய்த் தன் நாடகத்தின் இசை வடிவத்தைப் பார்த்தார். புதிய படைப்பு தலைநகரில்தான் பிறக்க வேண்டும் என்ற எண்ணத்தை இரண்டு சிறு நகரங்கள் அந்த ஆண்டுகளில் பொய்யாக்கின.

டெஸ்: எல்லைக்கோடு

1924 நவம்பர் 26. முப்பது ஆண்டு காத்திருந்த ஹார்டியின் ‘டெஸ்’ நாடகம் கார்ன் எக்ஸ்சேஞ்சில் ஏறியது. டெஸ்ஸாகக் கெர்ட்ரூட் பியூக்லர், ஏஞ்சலாக மருத்துவர் ஸ்மெர்டன், அலெக்காக நார்மன் அட்கின்ஸ். கெர்ட்ரூடின் தங்கை நோரி டெஸ்ஸின் தங்கையாக நடித்தார்.

கெர்ட்ரூட் டார்செஸ்டர்க் கடைக்காரர் ஒருவரின் மகள். 1913-இல் பதினாறு வயதில் ‘தி உட்லாண்டர்ஸ்’ நாடகத்தில் மார்ட்டி சௌத்தாக அறிமுகமானார். அவருடைய தாய் இளமையில் பால்பண்ணையில் வேலை செய்தவர். டெஸ்ஸை எழுதும்போது அந்தப் பெண்ணின் தோற்றம் ஹார்டியின் மனதில் இருந்தது என்ற பேச்சு உண்டு. மகள் மேடையில் டெஸ்ஸாக நின்றபோது, தன் கற்பனை நடமாடுவதைக் கண்ட கிழவரின் உள்ளம் அந்த நடிகையின்பால் ஈர்க்கப்பட்டது. ஊரும் அதைப் பேசியது.

விமர்சகர்கள் பாராட்டினார்கள். லண்டன் ஹேமார்க்கெட் அரங்கின் ஃப்ரெடரிக் ஹாரிசன், பகல் காட்சிகளில் டெஸ்ஸாக நடிக்க கெர்ட்ரூடை அழைத்தார். உடன்பாடு ஏறக்குறைய முடிந்த நிலையில், 1925-இன் தொடக்கத்தில், ஹார்டியின் இரண்டாம் மனைவி ஃப்ளாரன்ஸ், பெமின்ஸ்டரில் இருந்த கெர்ட்ரூடின் வீட்டுக்குப் போய், விலகிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். கணவரின் உடல்நிலை, வயது, ஊர்வாய் எல்லாமே அவருடைய அச்சங்கள். கெர்ட்ரூட் விலகினார். அப்போது அவர் கையில் பச்சிளம் குழந்தை.

அதே ஆண்டு செப்டம்பரில் லண்டனின் பார்ன்ஸ் அரங்கில் தொழில்முறைக் குழு ‘டெஸ்’ நாடகத்தை நடத்தியது. டெஸ்ஸாக நடித்தவர் க்வென் ஃப்ராங்கன்-டேவிஸ். பௌட்டனின் கிளாஸ்டன்பரியில் பாடி வளர்ந்தவர். நாடகம் பின்னர் கேரிக் அரங்குக்கு மாறி நூறு காட்சிகளைத் தாண்டியது. உடல் தளர்ந்த ஹார்டியால் லண்டன் போக முடியவில்லை. டிசம்பரில் அந்தக் குழுவே மாக்ஸ் கேட்டுக்கு வந்து வீட்டுக் கூடத்தில் நடித்துக் காட்டியது. ஹார்டி 1928 ஜனவரியில் மறைந்தார். 1929-இல் ஃப்ளாரன்ஸின் அழைப்பிலேயே கெர்ட்ரூட் லண்டனில், டியூக் ஆஃப் யார்க் அரங்கில், டெஸ்ஸாக நடித்தார்.

இதை ஒரு காதல் வம்பாகச் சொல்லி முடிப்பவர்கள் முக்கியமான கேள்வியைத் தவறவிடுகிறார்கள். ஓர் அமெச்சூர் நடிகையின் திறமை யாருக்குச் சொந்தம்? ஊரின் எல்லைக்குள் கெர்ட்ரூட் டெஸ்ஸாக நடிப்பதை எல்லோரும் கொண்டாடினார்கள். கூலி பெற்று, லண்டனில், தன் பெயரில் அதையே செய்ய முனைந்தபோது அது ஒரு பெரிய மனிதரின் குடும்ப விவகாரமாகிவிட்டது. அமெச்சூர் அரங்கம் பெண்களுக்கு மேடையைத் திறந்துவிட்டது. அந்த மேடையிலிருந்து வெளியேறும் கதவை வேறு யாரோ பூட்டியும் வைத்தார்கள். 1962-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பில் கெர்ட்ரூட் ஹார்டியைக் கசப்பின்றியே நினைவுகூர்ந்தார். அந்தப் பெருந்தன்மை அவருடையது. இழந்த வாய்ப்பின் கணக்கை வரலாறு எழுதியாக வேண்டும்.

எஞ்சியவை

1924-க்குப் பிறகு அந்தக் குழு புதிய ஹார்டி நாடகம் எதையும் தரவில்லை. ஒரே எழுத்தாளரை நம்பி வளர்ந்த குழு அவரோடு ஓய்ந்தது. வேறு நகரங்களில் சொந்தக் கட்டடமும் உறுப்பினர் சந்தாவும் பலவகை நாடகங்களும் கொண்டு நின்ற குழுக்கள் நூற்றாண்டைத் தாண்டி இயங்குவதைப் பார்க்கும்போது, டார்செஸ்டரின் ஆயுள் குறைவு. ஊரில் வேரூன்றியது குழுவின் பலம்; அந்த வேரை ஒரே மனிதரின் வழியாக மட்டும் செலுத்தியது பலவீனம்.

ஆவணங்கள் தப்பிப் பிழைத்ததற்கும் ஊர்க்காரர்களே காரணம். நாடகப் பிரதிகள், நிகழ்ச்சித் தாள்கள், படங்கள் முதலியவை டார்செட் அருங்காட்சியகத்தில் சேர்ந்தன. 1960-களில் ஜே. ஸ்டீவன்ஸ் காக்ஸ், ஹார்டியை அறிந்தவர்களின் நினைவுகளைச் சிறு நூல்களாகப் பதிப்பித்தார். நடிகர்களின் குரல் அவற்றில் பதிவானது. அந்த முயற்சி பத்தாண்டு தாமதித்திருந்தால் கீத் வில்சன் போன்ற பிற்கால ஆய்வாளர்களுக்குக் கிடைத்த சான்றுகள் பாதியாகக் குறைந்திருக்கும். டெஸ்ஸின் தங்கையாக நடித்த நோரி வுட்ஹால், தன் தொண்ணூற்றொன்பதாவது வயதில், 2005-இல், புதிய ஹார்டி நடிகர் குழு ஒன்று தொடங்கத் தூண்டுகோலாக இருந்தார். 105 வயதுவரை வாழ்ந்து 2011-இல் மறைந்தார்.

அமெச்சூர் நாடகத்தை அளக்க நாம் வழக்கமாக எடுக்கும் கோல், அது தொழில்முறை அரங்கை எவ்வளவு நெருங்கியது என்பதுதான். டார்செஸ்டரில் அந்தக் கோல் பயன்படாது. அங்கே தொழில்முறை நடிகர்களால் தர முடியாதவை கிடைத்தன: ஒரு பள்ளத்தாக்கின் பேச்சு, ஒரு தேவாலயத்தின் மறைந்த இசை, வீடு தேடி வரும் கூத்து, அமெச்சூர் குழுவின் கைவாகுக்கென்றே பிறந்த ஒரு புதிய நாடகம். ஆகவே ஒரு சிறு நகரத்தின் நாடகக் குழுவைப் பற்றி எழுதும்போது முதலில் கேட்க வேண்டியவை இவை: அந்த ஊருக்கு மட்டுமே தெரிந்திருந்த எதை அது மேடையில் வைத்தது? அதை அடுத்த தலைமுறைக்கு யார் கையில் கொடுத்தது? அந்த மேடையில் நின்றவர்களில் யாருக்கு மேலே போக வழி கிடைத்தது, யாருக்கு அடைபட்டது? இந்தக் கேள்விகளோடு தேடினால், ஊர்ப் பத்திரிகைகளின் பழைய பக்கங்களிலும் சங்கக் குறிப்பேடுகளிலும் நாடக வரலாற்றின் பெரும்பகுதி இன்னும் எழுதப்படாமலே இருப்பது தெரியவரும். அதை எழுதும் கடமை லண்டனின் வரலாற்றை எழுதுவதற்கு எவ்விதத்திலும் குறைந்ததில்லை.